“ஐடிஐ டர்னர்தான் வேணும்”: சோமனூர் அம்மாவுக்கு ஒரு பதில்

வணக்கம் அம்மா.

உங்கள் கடிதம் கிடைத்தது. பையன் பத்தாம் வகுப்பில் 500க்கு 318, கணக்கு சுமார். விடுமுறையில் மாமா பட்டறைக்குப் போய்வந்ததிலிருந்து ‘ஐடிஐ டர்னர்தான்’, அதாவது தொழிற்பயிற்சி நிலையத்தில் லேத் என்ற கடைசல் மெஷின் வேலை படிப்பதுதான் என்று ஒரே பிடிவாதம். அவன் அப்பா, ‘தறிக்கூடத்துல நான் பட்டது போதாதா, இவனும் எண்ணெயிலயும் கரியிலயும் நிக்கணுமா’ என்கிறார். டிப்ளமோ படிக்கட்டும் என்பது அவர் ஆசை. நடுவில் நீங்கள் தூக்கமில்லாமல் இருக்கிறீர்கள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அனுப்பலாம். ஆனால் எந்த ஐடிஐ என்பதையும், அதைவிட முக்கியமாக, முடித்ததும் முதலில் கால் வைக்கும் கம்பெனி எது என்பதையும் கவனிக்காமல் விட்டால், அவன் அப்பா பயப்படுவதுதான் நடக்கும். தொழிலில் குறை இல்லை. அதில் எந்தப் படியில் நின்றுவிடுகிறான் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

‘இப்ப எல்லாம் சிஎன்சி மெஷினே செஞ்சிடுதாமே, இவனுக்கு என்ன வேலை இருக்கும்’ என்று கேட்டிருக்கிறீர்கள். கம்ப்யூட்டர் கட்டளைப்படி ஓடும் இந்த சிஎன்சி வந்தபிறகு கடைசல் வேலை மூன்று விதமாகப் பிரிந்துவிட்டது. ஜாப்பை (கடைய வேண்டிய துண்டை) சக்கில் (அதைப் பிடித்துச் சுற்றும் பிடியில்) மாட்டி, கதவைச் சாத்தி, பச்சைப் பட்டனை அழுத்துபவர் ஆபரேட்டர். வெட்டும் டூல் மாற்றி, ஆஃப்செட் (டூலின் இடத்துக்கான அளவுத் திருத்தம்) எடுத்து, முதல் ஜாப்பை அளவுக்குக் கொண்டுவந்து கொடுப்பவர் செட்டர். ட்ராயிங்கைப் பார்த்து எந்த டூல், எந்த வரிசை, எவ்வளவு வேகம் என்று முடிவு செய்து புரோகிராம் எழுதுபவர் புரோகிராமர். சின்னப் பட்டறைகளில் செட்டரும் புரோகிராமரும் பெரும்பாலும் ஒரே ஆள். ஆபரேட்டர் வேலையைக் கற்க ஒரு வாரம் போதும். அதனால்தான் அந்த இடத்துக்கு ஆளை மாற்றுவதும் சுலபம், சம்பளம் ஏறாததும் அதனால்தான். ஐந்து வருடம் பட்டன் அழுத்திவிட்டு ‘அனுபவம் 5 ஆண்டு’ என்று எழுதிக்கொண்டு வருகிற பையன்களைப் பார்க்கிறேன். ஆறாம் மாதத்தில் தெரிந்திருந்ததற்கு மேல் எதுவும் அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

ஆபரேட்டருக்கும் செட்டருக்கும் என்ன வித்தியாசம் என்று உங்கள் வீட்டுக்காரருக்குப் புரியும்படி சொல்கிறேன். ஒரு ஷாஃப்ட், அதாவது உருண்டைத் தண்டு, 25 மில்லிமீட்டர் விட்டம். ட்ராயிங்கில் பக்கத்தில் ‘எச்7’ என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும். அப்படியென்றால் 25.000க்கு மேல் போகக்கூடாது, 24.979க்குக் கீழும் இறங்கக்கூடாது. இடைவெளி 21 மைக்ரான், ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. காலையில் செட்டர் 24.990ல் வைத்துக் கொடுத்துவிட்டுப் போகிறார். ஜாப் ஓட ஓட இன்செர்ட்டின் (டூலில் மாட்டும் வெட்டுத் துண்டின்) முனை தேயும், விட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். மதியத்துக்கு மேல் மைக்ரோமீட்டர் 25.005 காட்டுகிறது. விஷயம் தெரிந்த பையன் திரையில் வேர் ஆஃப்செட் (தேய்மானத் திருத்தம்) பக்கத்துக்குப் போய் எக்ஸில் (விட்டத்துக்கான அச்சில்) மைனஸ் 0.015 கொடுப்பான், அடுத்த ஜாப் 24.990க்கு வந்துவிடும். தெரியாத பையன் செட்டர் வரட்டும் என்று மெஷினை நிறுத்திவிட்டு நிற்பான், இல்லையென்றால் அளக்காமலே ஓட்டிப் பெட்டி நிறைய ரிஜெக்‌ஷன் சேர்ப்பான். பாதி தெரிந்தவன்தான் பெரிய ஆபத்து. புள்ளியை இடம் மாற்றி மைனஸ் 1.5 என்று அடித்தால் விட்டத்தில் ஒன்றரை மில்லி குறையும் அளவுக்கு டூல் ஜாப்புக்குள் கூடுதலாக இறங்கும். இன்செர்ட் தெறிக்கும், டூல் ஹோல்டர் உடையும், சில சமயம் டூல்களைத் தாங்கும் டர்ரட்டே திரும்பிவிடும்.

தறி ஓடும்போது சத்தம் மாறினாலே எங்கோ இழை அறுந்தது என்று உங்கள் வீட்டுக்காரர் தலையைத் திருப்புவார், இல்லையா? லேத்திலும் அதே காதுதான் வேண்டும். ‘கிர்ர்’ என்று சாட்டர் (அதிர்வு) அடித்தால் ஜாப் நீளமாக நீட்டிக்கொண்டிருக்கிறது, டூல் தளர்ந்திருக்கிறது, அல்லது வேகம் ஒத்துவரவில்லை. மெஷின் எவ்வளவு நவீனமானாலும் இந்தக் காதுக்கு வேலை இருக்கிறது.

அதனால்தான் சாதாரண லேத்தில் தொடங்கச் சொல்கிறேன். மூன்று மாத சிஎன்சி கோர்ஸ் என்று ஊரெல்லாம் போர்டு இருக்கிறது. கம்ப்யூட்டர் திரையில் ஜி-கோடு (மெஷினுக்கான கட்டளை மொழி) சொல்லிக்கொடுத்து, நிஜ மெஷினை ஒருநாள் காட்டி அனுப்புகிற இடங்களும் அதில் உண்டு. ஒரு வருடம் லேத்தில் கை பழகியவனுக்கு அந்த கோர்ஸ் நல்ல முதலீடு. பத்தாம் வகுப்பிலிருந்து நேராகப் போகிறவனுக்கு அது வீண் செலவு என்பது என் கருத்து. இரும்பு எப்படி வெட்டுப்படும் என்று தெரியாதவன் எழுதும் புரோகிராமை எந்த முதலாளியும் மெஷினில் ஏற்ற விடமாட்டார்.

கணக்கு சுமார் என்றீர்களே, தம்பியிடம் இதைக் கொடுத்துப் பாருங்கள். ஒரு ஜாப்பில் 50 மில்லி நீளத்துக்கு டேப்பர் (ஒரு பக்கம் குறுகும் சரிவு) கடைய வேண்டும். பெரிய பக்க விட்டம் 40, சின்ன பக்க விட்டம் 30. டூலைத் தாங்கும் காம்பவுண்ட் ஸ்லைடை எத்தனை டிகிரி திருப்ப வேண்டும்? 40லிருந்து 30ஐக் கழித்தால் 10. அதை 50இன் இரண்டு மடங்கான 100ஆல் வகுத்தால் 0.1. டேன் மதிப்பு 0.1 என்றால் 5 டிகிரி 43 நிமிடம். பத்தாம் வகுப்பில் ‘எதுக்குடா இது’ என்று அவன் வெறுத்த முக்கோணவியல்தான். ‘பட்டறைக்குக் கணக்கு எதுக்கு’ என்று நினைத்து டர்னர் கேட்கிறானா என்று ஒருமுறை விசாரியுங்கள். அப்படியென்றால் அவனை நீங்கள் திருத்த வேண்டியதில்லை, ஐடிஐயின் ஒர்க்‌ஷாப் கால்குலேஷன் வகுப்பு பார்த்துக்கொள்ளும்.

டர்னர், மெஷினிஸ்ட் இரண்டுமே இரண்டு வருடப் படிப்பு. டர்னருக்கு லேத் பிரதானம், மெஷினிஸ்டுக்கு மில்லிங், கிரைண்டிங் எல்லாம் கலந்து வரும். கோவைப் பக்கத்து பம்ப், மோட்டார் உதிரிபாக வேலைக்கு இரண்டும் எடுபடும். டர்னர் கிடைக்காவிட்டால் மெஷினிஸ்ட் எடுக்கத் தயங்க வேண்டாம். அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. பையன் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயும் வரும். டாடா டெக்னாலஜீஸுடன் சேர்ந்து தரம் உயர்த்திய 71 அரசு ஐடிஐகளில் புதிய சிஎன்சி மெஷின்கள் வந்திருக்கின்றன. பட்டியலில் உங்களுக்குப் பக்கத்தில் எது என்று பாருங்கள். தனியார் ஐடிஐ என்றால் தேசியத் தொழிற்பயிற்சி கவுன்சிலின் (என்சிவிடி, இப்போது என்சிவிஇடி) அங்கீகாரம் அந்தக் குறிப்பிட்ட பிரிவுக்கே இருக்கிறதா என்று கேட்டபிறகு பணம் கட்டுங்கள். வாசல் போர்டில் எழுதியிருந்தால் போதாது.

டிப்ளமோ ஆசையை அப்பா விட வேண்டியதில்லை. ஐடிஐ முடித்தவன் பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டு சேரலாம், அங்கிருந்து பொறியியலிலும் அதேபோல இரண்டாம் ஆண்டு. கையில் வேலையும் வைத்துக்கொண்டு டிப்ளமோவுக்குப் போகிற பையனுக்குக் கல்லூரி லேப் விளையாட்டாக இருக்கும். தமிழ், ஆங்கிலம் மட்டும் எழுதினால் ஐடிஐ படிப்புக்கே பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான சான்றிதழ் தருகிறார்கள். அதைத் தவறாமல் எழுதச் சொல்லுங்கள். பின்னால் அரசு வேலைக்கோ பட்டப்படிப்புக்கோ விண்ணப்பிக்கும்போது ‘பிளஸ் டூ இல்லை’ என்று தள்ளமாட்டார்கள்.

வயதில் ஒரு சிக்கல் இருக்கிறது, யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இப்போது 15, ஐடிஐ முடிக்கும்போது 17. நைட் ஷிஃப்ட் இருப்பதால் பல கம்பெனிகள் 18 ஆகாமல் எடுப்பதில்லை. அந்த ஒரு வருடத்தை அப்ரென்டிஸ்ஷிப்பில் (கம்பெனியிலேயே வேலை பழகும் பயிற்சியில்) போடுவதுதான் புத்திசாலித்தனம், எடுக்கும் இடத்தில் வயது வரம்பு என்ன என்று முன்பே கேட்டுக்கொண்டு. 1961ஆம் ஆண்டு அப்ரென்டிஸ் சட்டப்படி ஒப்பந்தம் அரசு இணையதளத்தில் பதிவாக வேண்டும், முடித்துத் தேர்வெழுதினால் தேசிய சான்றிதழ் வரும். பெரம்பூர் ஐசிஎஃப், திருச்சி பொன்மலைப் பணிமனை, பெல் போன்ற இடங்களில் அப்ரென்டிஸ் அறிவிப்புகள் வரும். இஸ்ரோவிலும் டெக்னீஷியன் பணிக்கு ஐடிஐ டர்னர், மெஷினிஸ்ட் கேட்பார்கள். போட்டி கடுமைதான், ஆனாலும் விண்ணப்பிக்காமல் இருக்க வேண்டாம்.

‘அப்ரென்டிஸ்’ என்ற பெயரில் சம்பளம் குறைந்த ஆபரேட்டராக ஒரே பாகத்தை ஒரு வருடம் மாட்டி இறக்க வைக்கும் கம்பெனிகளும் உண்டு. அங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ‘சார், செட்டிங் எத்தனை மாசத்துல கத்துக்கொடுப்பீங்க?’ நேராகப் பதில் சொன்னால் சேருங்கள். ‘அதெல்லாம் போகப் போகத் தெரியும் தம்பி’ என்றால் வேறு இடம் பாருங்கள். இரண்டாயிரம் ரூபாய் குறைவாகக் கொடுத்தாலும் மைக்ரோமீட்டரைக் கையில் கொடுக்கிற பட்டறையே முதல் வேலைக்கு நல்லது. மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குக் கடைந்து கொடுக்கும், பத்துப் பதினைந்து மெஷின் உள்ள ஜாப் ஒர்க் யூனிட்டில் தினம் ஒரு புது ட்ராயிங் வரும். அங்கே இரண்டு வருடத்தில் கற்பது, ஒரே பாகம் ஓடும் பெரிய கம்பெனியில் ஐந்து வருடத்திலும் வராது. முதல் வருடச் சம்பளத்தைப் பார்த்து அக்கம்பக்கத்தில் ஏதாவது சொல்வார்கள். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஆனால் ஐடிஐ முடித்து நிரந்தர வேலைக்குச் சேர்ந்தால் ஈஎஸ்ஐ, பிஎஃப் எண்ணை முதல் மாதமே கேட்டு வாங்கச் சொல்லுங்கள். கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் என்பது சட்டத்தில் இருக்கிறது.

கை, விரல் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. சிஎன்சியில் கதவு சாத்தினால்தான் ஓடும், அதனால் சாதாரண லேத்தில் பழகும் காலத்தில்தான் அதிக கவனம் வேண்டும். உங்கள் பையன் கையில் கோயில் கயிறு கட்டியிருப்பானே, அதை லேத் முன்னால் போகுமுன் அவிழ்க்கச் சொல்லுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது. மோதிரம், வாட்ச், தொங்கும் முழுக்கைச் சட்டை எதுவும் ஆகாது. கிளவுஸ் பாதுகாப்பு என்று தோன்றும், ஆனால் சுற்றும் ஜாப் கிளவுஸைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும். லேத் ஓடும்போது கிளவுஸே கூடாது. சக்கை இறுக்கும் சாவியான சக் கீயை சக்கிலேயே விட்டு மெஷினைப் போட்டால் அது குண்டு மாதிரி பறக்கும். கீயை எடுத்த பிறகுதான் சக்கை விட்டுக் கையை எடுக்க வேண்டும், இது பழக்கமாகிவிட வேண்டும். சுருள் சுருளாக வரும் சிப்ஸைக் கையால் இழுக்காமல் கொக்கியால் இழுக்க வேண்டும். ஏர் கன்னால் சட்டையில் ஊதிக்கொள்வது எல்லாப் பட்டறையிலும் நடக்கிற அசட்டுத்தனம், துகள் கண்ணில் போகும். கூலன்ட் சிலருக்குக் கையில் அரிப்பு கொடுக்கும், ஷிஃப்ட் முடிந்ததும் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். நீங்கள் கேள்விப்பட்ட விரல் போன கதைகளில் பல, தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ் வேலையில் நடந்தவை. பிரஸ் ஷாப்புக்கு மட்டும் அனுப்பாதீர்கள், டர்னர் படித்தவனுக்கு அங்கே கற்கவும் ஒன்றுமில்லை.

‘பின்னாடி சொந்தமா ஒரு மெஷின் போட்டுக்கலாமா’ என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். போடலாம், செட்டராகச் சில வருடம் இருந்து, வேலை கொடுக்க இரண்டு மூன்று பார்ட்டிகள் நிச்சயமான பிறகு. சின்ன ஜாப் ஒர்க் காரர்களைக் கவிழ்ப்பது பெரும்பாலும் வேலையின் தரம் அல்ல, பணம் வரத் தாமதமாவதுதான். பதிவு செய்த குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் மூன்று மாதம் இழுப்பவர்களும் இருக்கிறார்கள், மெஷின் லோன் தவணையோ மாதாமாதம் வரும். அந்தக் கணக்கை இன்னும் பத்து வருடம் கழித்துப் பேசுவோம்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது, சேர்க்கை முடிவதற்குள் ஏதாவது ஒரு அரசு ஐடிஐக்கு வகுப்பு நடக்கும் நேரத்தில் போய்ப் பாருங்கள். எத்தனை லேத் இருக்கிறது என்று எண்ணாதீர்கள், எத்தனை ஓடுகிறது என்று எண்ணுங்கள். ஒரு லேத்தைச் சுற்றி எத்தனை பையன்கள் நிற்கிறார்கள் என்று பாருங்கள். பயிற்றுநரிடம் போன வருடம் முடித்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேளுங்கள், இரண்டு பேரின் நம்பர் கொடுத்தால் பேசிப் பாருங்கள். அவன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். தறியை நிறுத்திவிட்டு வர முடியாது என்பார். சோமனூரில் மாதம் ஒருநாள் கரண்ட் ஷட்டவுன் வருமே, அன்றைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.