வம்சத்தில் ஓடுவது எது? தொழுநோய்: வாசகர் கேள்விகள்

கேள்வி: என் மாமனாருக்குத் தொழுநோய் வந்து, மாத்திரை சாப்பிட்டுக் குணமாகி 20 வருடம் ஆகிறது. இப்போது எங்களோடு ஒரே வீட்டில் இருக்கும் கொழுந்தனாருக்கும் வந்திருக்கிறது. "அது அவங்க வம்சத்துல ஓடுற நோய்" என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. என் பிள்ளைகளுக்கும் வருமா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி, விழுப்புரம்

பதில்: நோய் வம்சத்தில் ஓடாது, கிருமியால்தான் வரும். ஆனால் உள்ளே வந்த கிருமியை உடம்பு எப்படி எதிர்கொள்கிறது என்பதில் பிறப்புவழிக்கு ஒரு பங்கு உண்டு. அந்த அக்காவின் குழப்பம் பழையதுதான். நார்வேயின் பெரிய மருத்துவர் டானியல்சன் இதைப் பரம்பரை நோய் என்றே நம்பினார். 1873இல் கிருமியைக் கண்டுபிடித்து அதை மறுத்த ஹேன்சன், அவருடைய சொந்த மருமகன்!

மேற்கு வங்கத்திலும் ஆந்திரத்திலும் இரட்டையர்களை ஆராய்ந்து 1973இல் வெளியிட்டார்கள். ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்த 62 ஜோடிகளில் 37இல் இருவருக்குமே நோய் இருந்தது. தனித்தனிக் கருமுட்டையில் பிறந்த 40 ஜோடிகளில் 8இல்தான் அப்படி. இருவருக்கும் நோய் உள்ள ஜோடி எளிதில் கண்ணில் படும் என்பதால் இந்தக் கணக்கு கொஞ்சம் மிகையாக இருக்கலாம். அப்படியே எடுத்துக்கொண்டாலும், மீதி 25 ஜோடிகளில் மரபணு ஒன்றாக இருந்தும் ஒருவருக்கு மட்டுமே நோய். ஆகவே இதைத் தலையெழுத்தாக நினைக்க வேண்டாம்.

பிள்ளைகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பகல் வெளிச்சத்தில், உடையைக் களைந்து முழுதாகப் பாருங்கள். பிட்டமும் தொடையின் பின்புறமும்தான் அதிகம் விட்டுப்போகும் இடங்கள். வெளிறிய அல்லது சிவந்த தேமல் இருந்தால், கண்ணை மூடச் சொல்லி, பால்பாயிண்ட் பேனா முனையால் மெல்லத் தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்லுங்கள். தேமல் மரத்திருந்தால் குழந்தையால் சரியாகக் காட்ட முடியாது. முதலில் கண் திறந்திருக்கும்போதே ஒருமுறை செய்துகாட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் குழந்தை விளையாட்டாகத் தப்புத் தப்பாகக் காட்டும். நோய் வெளிப்படச் சராசரியாக 5 ஆண்டுகள் ஆகும். ஒரு வருடம் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள்.

நோயாளியோடு இருப்பவர்களுக்கு நோய் வராமல் தடுக்க ஒரே ஒரு வேளை ரிஃபாம்பிசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து தருவதுண்டு: 15 வயதுக்கு மேல் 600 மி.கி., 10 முதல் 14 வரை 450, 6 முதல் 9 வரை 300. அதைவிடச் சிறியவர்களுக்கு எடை பார்த்துத் தருவார்கள். காசநோய்ச் சந்தேகம், கல்லீரல் கோளாறு, கர்ப்பம் இருந்தால் கொடுக்கமாட்டார்கள். எனவே சுகாதார நிலையத்தில் பரிசோதித்த பிறகே. வங்கதேசத்தில் நடந்த பெரிய ஆய்வில், முதல் இரண்டு ஆண்டுகளில் புதிய நோயாளிகள் 57 சதவீதம் குறைந்தார்கள். ஆனால் ரத்த உறவில்லாத, சற்றுத் தள்ளி வாழ்பவர்களிடம்தான் பலன் கூடுதலாக இருந்தது. மாத்திரை கொடுத்தாயிற்று என்று உங்கள் வீட்டில் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது.

கேள்வி: என் தம்பிக்கு ஒரே ஒரு மரத்த தேமல், தோல் பரிசோதனையில் கிருமியே இல்லை. அண்ணனுக்கோ காது தடித்து, முகமெல்லாம் முடிச்சு, கிருமி நிறைய. இரண்டும் ஒரே நோயா?
– ஆசிரியர், வந்தவாசி

பதில்: ஒரே நோய்தான், கிருமியும் ஒன்றுதான். உலகெங்கும் இந்தக் கிருமியின் மரபணுத் தொகுப்பு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கிறது. (2001இல் முதன்முதலாக முழுமையாகப் படிக்கப்பட்டது தமிழ்நாட்டு நோயாளி ஒருவரிடமிருந்து வந்த கிருமிதான்.) வேறுபடுவது உடம்பு.

தம்பியின் உடம்பில் டி செல்கள் (நோயெதிர்ப்பு வெள்ளணுக்கள்) காமா இன்டர்ஃபெரான் என்ற தூண்டும் புரதத்தைச் சுரந்து, கிருமியை விழுங்கும் விழுங்குசெல்களைத் தூண்டிவிடுகின்றன. அவை கிருமியைச் சுற்றி வளைத்துக் கொல்கின்றன. அந்தச் சண்டையில் நரம்பும் அடிபடுவதால்தான் தேமல் மரத்துப்போகிறது. அண்ணனிடம் எதிர்ப்புப் புரதங்கள் ஏராளமாக உண்டு. ஆனால் இந்தக் கிருமி செல்லுக்குள் ஒளிந்து வாழ்வதால் அவற்றால் பயனில்லை. இன்டர்லூகின் 10 போன்ற அடக்கும் புரதங்கள் விழுங்குசெல்களை அடக்கிவைக்க, கிருமி அவற்றுக்குள்ளேயே பெருகுகிறது. இந்த இரண்டு முனைகளையும் இடைநிலைகளையும் சேர்த்து ரிட்லியும் ஜாப்ளிங்கும் 1966இல் ஐந்து வகையாகப் பிரித்தார்கள்.

யார் எந்த முனைக்குப் போவார் என்பதில் எச்எல்ஏ மரபணுக்களுக்குப் பங்குண்டு. கிருமியின் துண்டுகளை டி செல்லுக்கு எடுத்துக்காட்டும் தட்டு என்று அவற்றைச் சொல்லலாம். தட்டின் வடிவத்தைப் பொறுத்து எந்தத் துண்டு அதில் உட்காரும் என்பது மாறும். இந்த மரபணுக்களில் டிஆர்2 வகை, கிருமி பெருகும் வடிவத்தோடும், டிஆர்3 மரத்த தேமல் வடிவத்தோடும் பல இடங்களில் தொடர்புபட்டிருக்கின்றன. 2004இல் வியட்நாம் குடும்பங்களில் தொழுநோயோடு தொடர்புள்ளதாகப் பார்க்2 என்ற மரபணு சிக்கியது. சிறு வயதிலேயே வரும் ஒருவகைப் பார்க்கின்சன் நோய்க்குக் காரணமான அதே மரபணு! 2009இல் சீனாவில் என்ஓடி2 உள்ளிட்ட சில சேர்ந்தன. தமிழக, ஆந்திரக் குடும்பங்களை ஆராய்ந்தபோது 10ஆவது குரோமோசோமில் ஒரு பகுதி தென்பட்டது. ஒவ்வொன்றின் பங்கும் சிறிது. நாட்டுக்கு நாடு மாறவும் செய்கிறது.

கேள்வி: அப்படியானால் மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளலாமா?
– வாசகர், சேலம்

பதில்: நோய் வருமா என்று அறிய வேண்டாம், வீண்செலவு. மருந்து ஒத்துக்கொள்ளுமா என்று அறிவதற்கு ஒன்று பயன்படும். அடுத்த பதிலில் பாருங்கள்.

கேள்வி: தொழுநோய்க்கான கூட்டு மருந்து தொடங்கி ஐந்தாவது வாரம். காய்ச்சல், உடலெங்கும் தடிப்பு, கண் மஞ்சள். இதுதான் 'ரியாக்‌ஷன்' என்பதா?
– வாசகர், கடலூர்

பதில்: இல்லை, இன்றே மருத்துவமனைக்குப் போங்கள். கூட்டு மருந்தில் உள்ள டாப்சோன் என்ற மருந்தின் ஒவ்வாமையாக இருக்கலாம். பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரத்தில் வரும். சிகிச்சை தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. எச்எல்ஏ-பி*13:01 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு இந்த அபாயம் பல மடங்கு என்று 2013இல் சீன ஆய்வாளர்கள் காட்டினார்கள். டாப்சோனை உடனே நிறுத்த வேண்டும், மறுபடி தொடவே கூடாது. மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள். மற்ற மருந்துகளை எப்போது, எப்படித் தொடர்வது என்று மருத்துவர் சொல்வார்.

'ரியாக்‌ஷன்' வேறு. பழைய தேமல்கள் திடீரெனச் சிவந்து வீங்கும், முழங்கையில் நரம்பு வலிக்கும், கைவிரல் பலமிழக்கும். இறந்த கிருமியின் மிச்சங்கள் மீதுகூட உடம்பு பாய்வதால் வருவது அது. பலர் மாத்திரைதான் காரணம் என்று எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறார்கள். அங்கே கூட்டு மருந்தைத் தொடர்ந்தபடியே பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைச் சேர்க்க வேண்டும். வழக்கமாக நாளுக்கு 40 மி.கி.யில் தொடங்கி, மாதக்கணக்கில் படிப்படியாகக் குறைப்பார்கள். வலி போனதும் நீங்களாக நிறுத்தினால் வீக்கம் திரும்பும். நரம்பு செத்துவிட்டால் விரல் மடங்கியபடியே நின்றுவிடும்.