குளியலறைக்கு வெளியேயும் அழலாம்

கேள்வி: வயது 34, திருமணமாகவில்லை. டர்பன் சாட்ஸ்வொர்த்தில் அம்மாவோடு இருக்கிறேன். மார்பகப் புற்றுநோய்க்காக வலது மார்பகத்தை எடுத்து எட்டு மாதம் ஆகிறது. இப்போது நோய் திரும்பாமலிருக்க டமாக்சிஃபென் என்ற ஹார்மோன் சிகிச்சை மாத்திரை சாப்பிடுகிறேன். “வெளியே சொல்லாதே, வரன் வராது” என்கிறார் அம்மா. விஷயம் தெரிந்த அண்ணனும் அண்ணியும் “தைரியமாக இரு” என்பதோடு சரி. குளியலறையில்தான் அழுகிறேன். ரவிக்கை சரியாக நிற்காததால் ஆடி மாதம் மாரியம்மன் கஞ்சிக்குக்கூடக் கோயிலுக்குப் போகவில்லை. எனக்கு மனத்தெம்பே இல்லையா, அக்கா?

பதில்: அன்புத் தங்கைக்கு,

எட்டு மாதமாக உங்கள் வலியோடு அம்மாவின் பயத்தையும் சேர்த்துச் சுமக்கிறீர்கள். தெம்பு இல்லாதவரால் இது முடியுமா? உங்களுக்கு இல்லாதது, அழும்போது பக்கத்தில் உட்கார ஓர் ஆள். கல்யாணமானவர்களுக்கெல்லாம் அந்த ஆள் அமைந்துவிடுகிறார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கல்யாணமாகாத பெண்ணிடம் “உனக்கு ராத்திரி தூக்கம் வருகிறதா?” என்று கேட்க வேண்டும் என்றே பலருக்குத் தோன்றுவதில்லை. அதனால் நீங்களாகத்தான் தேடிக்கொள்ள வேண்டும்.

நம் தென்னாப்பிரிக்காவில் ‘ரீச் ஃபார் ரெகவரி’ என்ற அமைப்பு இருக்கிறது. அதில் உதவிக்கு வருபவர்கள் இதே நோயைக் கடந்து வந்த பெண்கள். அவர்களிடம் நீங்கள் தைரியசாலியாக நடிக்க வேண்டியதில்லை. விலை கொடுத்து வாங்க முடியாதவர்களுக்குச் சிலிக்கோன் செயற்கை மார்பகம் கிடைக்க உதவும் ‘டிட்டோ’ திட்டமும் அவர்களுடையதுதான். ரவிக்கைக்குள் ஒரு சின்னப் பை தைத்து அதை வைத்துக்கொள்ளலாம்.

அம்மாவைக் கோபிக்காதீர்கள், பாவம், அவரும் பயந்திருக்கிறார். ஆனால் யாரிடம் சொல்வது என்பது உங்கள் முடிவு. அதை ஒரு நாள் நிதானமாக அவரிடம் சொல்லிவிடுங்கள்.

வரன் விஷயம். பார்க்க வந்த அன்றே சொல்ல வேண்டியதில்லை. சம்மதம் சொல்வதற்கு முன் சொல்லிவிடுங்கள். டமாக்சிஃபென் சாப்பிடும்போது கர்ப்பம் தரிக்கக் கூடாது, அதைப் பெரும்பாலும் ஐந்து வருடமாவது சாப்பிட வேண்டியிருக்கும். அதற்காகக் குழந்தை ஆசையை இப்போதே விட்டுவிட வேண்டாம். 2023-இல் வெளியான ‘பாசிட்டிவ்’ ஆய்வில், 42 வயது வரையுள்ள பெண்கள் 18 முதல் 30 மாதம் ஹார்மோன் சிகிச்சை எடுத்துவிட்டு, குழந்தைக்காகச் சில காலம் நிறுத்தினார்கள். முதல் சில வருடங்களில் அவர்களுக்கு நோய் திரும்புவது கூடவில்லை. அதற்குப் பிந்திய நிலையை இன்னும் கவனித்து வருகிறார்கள். அதனால் நீங்களாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. உங்களுக்கு இது பொருந்துமா என்று டாக்டரிடமே கேளுங்கள்.

இன்னொன்றும் அவசியம். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் நாட்டமில்லாமல் இருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். வாழவே வேண்டாம் என்று தோன்றினால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். மனச்சோர்வுக்கு மருந்து எழுதும்போது டமாக்சிஃபென் சாப்பிடுவதைச் சொல்லுங்கள். பராக்ஸிடின், ஃப்ளுவாக்ஸிடின் போன்றவை அதன் வேலையைக் குறைக்கக்கூடும்.

சரி, இந்த வாரமே அந்த அமைப்புக்கு ஒரு போன் போடுங்கள். பேசியபின் எனக்கும் எழுதுங்கள், காத்திருப்பேன்.