காபி மேக்கருக்கு அடியில் தண்ணீர் கசிகிறது, எப்படிச் சரிசெய்வது?

முதலில் பிளக்கைக் கழற்றிவிடுங்கள், அடியில் சூடேற்றும் பகுதி இருப்பதால் ஈரத்தோடு விளையாட வேண்டாம். மெஷின் ஆறியதும் காய்ந்த காகிதத்தின் மேல் வைத்து, தொட்டியில் குறியளவுக்குத் தண்ணீர் ஊற்றி, சுவிட்ச் போடாமலே அரை மணி நேரம் விடுங்கள்.

காகிதம் நனைந்தால் தொட்டியோ உள்ளே போகும் சிலிகோன் குழாயோதான் காரணம். தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கவிழ்த்து, அடித்தட்டைத் திறந்தால் குழாய் தெரியும், பெரும்பாலும் கிளிப் தளர்ந்திருக்கும் இல்லையென்றால் நுனி வெடித்திருக்கும், அந்த நுனியை மட்டும் வெட்டிவிட்டு மறுபடி இறுக்கமாகச் செருகினாலே பல நேரம் நின்றுவிடும்.

நனையவில்லை, காபி இறங்கும்போதுதான் வழிகிறதா? அப்படியானால் வடிகட்டிக் கூடைக்கு அடியில் ஸ்பிரிங் வைத்த சின்ன அடைப்பானைப் பாருங்கள். அதில் தூள் சிக்கியிருக்கும், பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். ரொம்ப நைசாக அரைத்த தூளும் இதையே செய்யும்.