ஃபார்வர்டை விடுங்கள், பந்து எங்கிருந்து வருகிறது? கால்பந்துக் கேள்வி-பதில்

மீன்பிடித் தடைக்காலம் பாதி தாண்டிவிட்டது. தொண்டியில் இருந்து ஏர்வாடி வரை சாயங்காலமானால் பந்து உருளாத திடல் இல்லை. அரையிறுதி, இறுதி என்று நாள் நெருங்குவதால் இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஒரே விஷயம்தான்: எதிரணியின் அட்டாக் எப்படி, பயப்பட வேண்டுமா? ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். “எங்க ஊர் ஜெயிக்குமா?” என்று மட்டும் கேட்டவர்களுக்குப் பதில் இல்லை, அதற்கு ஜோசியர் வேறு இருக்கிறார்.

பெரியபட்டினத்தில் இருந்து: அண்ணே, அரையிறுதியில் எங்களோடு மோதப்போகிற டீம் மூன்று ஆட்டத்தில் பதினொரு கோல் போட்டிருக்கிறது. எங்கள் பசங்க இப்போதே சோர்ந்துவிட்டார்கள். அவ்வளவு பலமான ஃபார்வர்டு லைனா அது?

பதினொன்று என்ற எண்ணை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது தம்பி. அந்தக் கோல்களைத் தனித்தனியாகப் பிரியுங்கள். ஒரே ஆட்டத்தில் ஆறேழு போட்டிருந்தால், எதிரில் நின்றவர்கள் இரண்டு கோல் வாங்கியதுமே ஆட்டத்தைக் கைவிட்டிருப்பார்கள். அதற்குப் பிறகு விழுந்ததைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சிவப்பு அட்டை வாங்கி ஆள் குறைந்த அணிமேல் போட்டது எத்தனை, பெனால்டி எத்தனை என்பதையும் கழியுங்கள்.

மிச்சம் நிற்பவைதான் உங்களுக்கு வேண்டும். அவற்றில் பந்து வலைக்குள் போன நொடியை விட்டுவிட்டு, அதற்கு முந்தைய இரண்டு மூன்று தொடுதலைப் பாருங்கள். சிக்கல் என்னவென்றால், எல்லோரும் கோலை மட்டும் வெட்டி ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள். அதில் ஃபார்வர்டு ஹீரோவாகத் தெரிவான். அவன் காலுக்குப் பந்து எப்படி வந்தது என்பது அந்த வீடியோ தொடங்கும் முன்பே முடிந்திருக்கும். முழு ஆட்டத்தையும் எடுத்து வைத்திருப்பவர் யாராவது இருப்பார், தேடிப் பிடியுங்கள்.

பார்த்தால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று தெரியவரும். ஒன்று, அவர்களுக்கு எதிரே ஆடிய அணியின் பேக் (தடுப்பாட்டக்காரர்) பந்தை வைத்துக்கொண்டு தடுமாறும்போது பாய்ந்து பறித்துப் போட்ட கோல்கள். அப்படியானால் அவர்களுடைய அட்டாக்கின் பாதி உங்கள் பேக்கின் காலில்தான் இருக்கிறது. உங்கள் ஸ்டாப்பர் (நடு பேக்) டாஜ் பண்ணிக் கைதட்டல் வாங்கும் ஆசையை ஒரு நாள் மூட்டை கட்டிவைத்து, பந்தைத் தூக்கி வெளியே அடித்தாலே போதும். இரண்டாவது, நடுவில் இருக்கும் ஒரே ஆள், பேக்குகளுக்கு இடையில் பந்தைத் தள்ளி ஃபார்வர்டுக்கு த்ரூ பாஸ் கொடுத்துக்கொண்டே இருப்பது. அப்போது ஃபார்வர்டைச் சுற்றி மூன்று பேரை நிறுத்திப் பயனில்லை. அந்த ஒருவன் நிமிர்ந்து பார்க்க நேரம் கொடுக்காமல் ஒருவர் ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்றாவது, கார்னரும் ஃப்ரீ கிக்கும். இந்த வகைக் கோல் அதிகம் என்றால் உண்மையில் நிம்மதிப்படலாம், ஓடும் ஆட்டத்தில் அவர்களால் அவ்வளவாக உடைக்க முடியவில்லை என்றுதான் அர்த்தம். உங்கள் வேலை, பாக்ஸுக்குப் பக்கத்தில் தேவையில்லாமல் ஆளைத் தள்ளிவிடாமல் இருப்பது.

பதினொரு கோலில் ஏழு எந்த வகை என்று தெரிந்தால் திரும்ப எழுதுங்கள். எனக்கும் தெரிந்துகொள்ள ஆசைதான்.

தங்கச்சிமடத்தில் இருந்து: அவர்களுடைய வலது விங்கில் ஆடுபவன் இடதுகால்காரன். ஒவ்வொரு முறையும் உள்ளே வெட்டி இடது காலால் அடிக்கிறான். இது ஊருக்கே தெரியும். தெரிந்தும் யாரும் தடுக்கவில்லையே, ஏன்?

தெரிவது வேறு, தடுப்பது வேறு. ஜெர்மனியின் பயேர்ன் மியூனிக் அணியில் ஆர்யன் ராபன் பத்து வருடம் இதையே செய்தார். வலது ஓரத்தில் இருந்து உள்ளே வெட்டுவார், இடது காலால் அடிப்பார். ஐரோப்பாவில் அதை அறியாத பேக் கிடையாது. இன்னும் பழைய கதை வேண்டுமானால் பிரேசிலின் கரிஞ்சா. எப்போதும் வலப்பக்கமாகத்தான் தாண்டிப் போவார் என்பது எல்லோருக்கும் தெரியும். எப்போது போவார் என்பதுதான் தெரியாது. நேரம்தான் ஆயுதம், திசை அல்ல.

ராபனுக்கு இன்னொரு வசதி, பின்னாலிருந்து ஓரமாகத் தாண்டி ஓடிவரும் பிலிப் லாம். அவரைக் கவனிப்பதா, ராபனைக் கவனிப்பதா என்று பேக் அரை நொடி யோசித்தால் கதை முடிந்தது. ஆகவே நீங்கள் சொல்லும் அந்த இடதுகால்காரனுக்குப் பின்னால் இருந்து யாராவது அப்படி ஓடுகிறார்களா என்று பாருங்கள். ஓடவில்லை என்றால் வேலை சுலபம். உங்கள் லெஃப்ட் பேக் நேர் எதிரே நிற்காமல் கொஞ்சம் உட்பக்கமாக உடம்பைத் திருப்பி நின்று, ஓரத்தைத் திறந்து விடட்டும். வலது காலால் கிராஸ் போடட்டுமே, அது அவனுக்குப் பிடிக்காத வேலை. முக்கியமாக, காலை நீட்டிப் பாய வேண்டாம். பாயும் நொடிக்காகத்தான் அவன் காத்திருக்கிறான். நடுவில் ஆடுபவர்களில் ஒருவர் அவன் வெட்டி வரும் இடத்தில் முன்கூட்டியே நின்றால் அடிக்க இடம் கிடைக்காது.

கீழக்கரையில் இருந்து: காக்கா (அண்ணே), எதிர் டீம் வெளியூரில் இருந்து இரண்டு கெஸ்ட் பிளேயரை இறக்கப்போகிறதாம். அவர்கள் ஆடிப் பார்த்ததே இல்லை. எப்படி எடைபோடுவது?

அவர்களை விடுங்கள், அவர்களுக்குப் பந்து கொடுக்கப்போகிறவர்களைப் பாருங்கள். ஒன்றாகப் பயிற்சி எடுக்காதவர்கள் என்பதால் பந்து கிடைத்ததும் எல்லோரும் அந்த இருவரைத் தேடியே அடிப்பார்கள், காசு கொடுத்துக் கூட்டிவந்தாயிற்று அல்லவா. அதனால் ஆட்டம் எளிதில் ஊகிக்கக்கூடியதாகிவிடும். கெட்டித் தரையில் ஆடிப் பழகியவர்கள் கடற்கரை மணலில் இரண்டாம் பாதியில் திணறுவதையும் பார்க்கலாம். ஒரே எச்சரிக்கை ஃப்ரீ கிக். அதற்கு யாரோடும் புரிந்துணர்வு தேவையில்லை, தனியாளாகவே போட்டுவிடலாம். வெளியாட்களுக்கு விதியில் இடம் இருக்கிறதா என்று ஆட்டத்துக்கு முன்பே கமிட்டியிடம் கேட்டுவிடுங்கள். தோற்ற பிறகு கேட்டால் யாரும் மதிக்க மாட்டார்கள்.

தொண்டியில் இருந்து: அவர்களிடம் ஒருவன் இருக்கிறான், த்ரோவைக் கார்னர் மாதிரி கோல் முன்னால் வரை எறிகிறான். இரண்டு ஆட்டத்தை அதிலேயே ஜெயித்தார்கள். இது அட்டாக்கா, அதிர்ஷ்டமா?

அட்டாக்தான், சந்தேகமே வேண்டாம். 2008ல் இங்கிலாந்தின் பிரீமியர் லீகுக்கு ஏறிவந்த ஸ்டோக் சிட்டி இதை வைத்தே பெரிய அணிகளைத் திணறடித்தது. எறிந்தவர் ரோரி டெலாப், சின்ன வயதில் ஈட்டி எறிந்தவர். ஹல் சிட்டி கோல்கீப்பர் ஒருமுறை, இவருக்கு த்ரோ கொடுப்பதைவிடக் கார்னர் கொடுப்பதே மேல் என்று பந்தைத் தன் கோல் லைனுக்கு வெளியே உதைத்தார்!

விதியை உங்கள் பேக்குகளுக்கு நினைவுபடுத்துங்கள். த்ரோவில் இருந்து நேராகப் பந்தை வாங்குபவருக்கு, பேக்குகளைத் தாண்டி நின்றாலும், ஆஃப்சைடு கிடையாது. ஆகவே கையைத் தூக்கிக்கொண்டு லைன்ஸ்மேனைப் பார்த்து நிற்பது வீண். அதேபோல் எறிந்த பந்து யார் மீதும் படாமல் நேராகக் கோலுக்குள் போனால் கோல் இல்லை, உங்களுக்குக் கோல் கிக். பதறிப்போய் விரலால் தட்டி உள்ளே விடும் கீப்பர்தான் அதைக் கோலாக்குகிறார். எறிபவர் முன்னால் ஒருவரை நிறுத்தலாம், ஆனால் 2 மீட்டர் தள்ளி. இதற்கெல்லாம் மேல், உங்கள் கோலுக்குப் பக்கத்தில் பந்தை லைனுக்கு வெளியே அடிக்கும் பழக்கத்தை அன்றைக்குக் குறைத்துக்கொள்ளுங்கள்.

வேதாளையில் இருந்து: எதிரணி ஃபார்வர்டுகள் இருவரும் வேகக்காரர்கள். நாங்கள் பதினொரு பேர் ஆட்டத்தில் ஆஃப்சைடு டிராப் வைக்கலாம் என்று யோசிக்கிறோம். சவூதி அரேபியா அர்ஜென்டினாவுக்கு வைத்த மாதிரி.

இந்தக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்தேன். டிராப் என்றால் பேக் எல்லோரும் ஒரே நேரத்தில் முன்னேறி ஃபார்வர்டை ஆஃப்சைடில் மாட்டவைப்பது. 2022 உலகக் கோப்பை, லுசைல் மைதானம். பத்தாவது நிமிடம் மெஸ்ஸி பெனால்டி. அதற்குப் பிறகு முதல் பாதியிலேயே அர்ஜென்டினா மூன்று முறை வலைக்குள் அடித்தது, மூன்றும் ஆஃப்சைடு. இடைவேளை முடிந்து வந்ததும் சவூதியின் ஷெஹ்ரி ஒன்று, தவ்சரி ஒன்று, 2-1 என்று சவூதி ஜெயித்தது. அரபு நாட்டில் வேலை பார்க்கும் நம்மூர்க்காரர்கள் அன்றைக்கு அனுப்பிய வீடியோக்கள் இன்னும் போனில் இருக்கும்.

எல்லோரும் மறந்துவிடுவது ஒன்று: அந்த மூன்று கோல்களில் சில மயிரிழைக் கணக்கு. தோள்பட்டை தாண்டியதா என்று கேமராவும் கணினியும் கோடு போட்டுப் பார்த்தன. உங்கள் ஆட்டத்தில் கோடு போடப்போவது யார்? கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் போட்டி நடத்துகிற ஊர்க்காரர், அவருடைய மச்சான் எதிரணியில் ஆடலாம். அவரை நம்பி நான்கு பேக்கையும் நடுக்கோடு வரை ஏற்ற நான் சொல்ல மாட்டேன். ஃபார்வர்டு கடைசிக்கு முந்தைய ஆளோடு சமமாக நின்றால் ஆஃப்சைடு இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். நால்வரில் ஒருவர் அரை அடி பின்தங்கினாலும் எல்லாம் போச்சு.

வேகக்காரனுக்கு வேண்டியது பின்னால் காலி இடம். அதைக் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான். பத்தடி பின்வாங்கி நில்லுங்கள், பந்தை அவர்கள் வைத்துக்கொள்ளட்டும். வேகத்தை மட்டும் நம்பி ஆடும் ஃபார்வர்டு, எதிரே ஆட்கள் அடைத்து நின்றால் என்ன செய்கிறான் என்று பழைய வீடியோவில் தேடுங்கள். பலருக்கு அப்போது ஒன்றும் தெரியாது. செவன்ஸ் (ஏழு பேர் ஆட்டம்) ஆடுபவர்களும் இதே கேள்வி அனுப்பியிருக்கிறார்கள். செவன்ஸில் பெரும்பாலும் ஆஃப்சைடே இல்லை. டிராப்புக்கு ஏது இடம்?

மண்டபத்தில் இருந்து: மைதானம் கடலோரம், தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிறது. எதிரணி தூரத்தில் இருந்து அடிப்பதில் கெட்டி. டாஸ் ஜெயித்தால் என்ன கேட்பது?

2019ல் விதி மாறிய பிறகு டாஸ் ஜெயித்தவர் எந்தக் கோலை நோக்கி அடிப்பது என்றோ, கிக் ஆஃப் வேண்டும் என்றோ இரண்டில் ஒன்றைக் கேட்கலாம். கச்சான் காலத்தில் தென்கடல் பக்கத் திடலில் கிக் ஆஃப் கேட்பது வீண். காற்றைக் கேளுங்கள். முதல் பாதியா, இரண்டாம் பாதியா என்பது அந்தத் திடலின் பழக்கத்தைப் பொறுத்தது. பொழுது சாயும்போது காற்று தணியும் இடம் என்றால் முதலிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். ஏறும் இடம் என்றால் பின்னால். நான்கு நாள் அதே நேரத்துக்குப் போய் நின்று பாருங்கள். மேற்கே பார்த்து நிற்கும் கீப்பரின் கண்ணில் வெயில் அடிக்குமா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

தூரத்து ஷாட்காரர்கள் காற்று முதுகில் இருக்கும்போது இன்னும் தைரியமாக அடிப்பார்கள், பாதி பந்து வேலிக்கருவைக்குள்தான் போகும். எதிர்காற்றில் ஆடும் அணி, பந்தைத் தரையோடு தள்ளி ஆடினால், நன்றாகவே ஆடலாம். அவர்கள் எதிர்காற்றில் எப்படி ஆடினார்கள் என்று பார்த்த பிறகே அந்த அட்டாக்குக்கு மார்க் போடுங்கள்.

பாம்பனில் இருந்து: இறுதி ஆட்டம் தடைக்காலம் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவர்களுடைய முக்கிய ஃபார்வர்டு விசைப்படகில் போகிறவன், வர மாட்டான் என்கிறார்கள். எங்களுக்குக் கோப்பை உறுதிதானே?

கோப்பையை வைக்க அலமாரி வாங்கிவிட்டீர்களா? விசைப்படகுகள் திங்கள், புதன், சனி போகும் என்பதால் சனிக்கிழமை போனவர் ஞாயிறு காலை கரைக்கு வந்துவிடுவார். தூக்கமில்லாமல் வந்து நின்றாலும் நிற்பார். நிற்காவிட்டாலும் நீங்கள் நிம்மதியாக இருக்க முடியாது. 1962 உலகக் கோப்பையில் பிரேசிலுக்கு இரண்டாவது ஆட்டத்திலேயே பெலே காயப்பட்டு வெளியேறினார். இனி பிரேசில் அவ்வளவுதான் என்றார்கள். அவர் இடத்தில் வந்த அமரில்டோ ஸ்பெயினுக்கு எதிராக இரண்டு கோலும் போட்டு 2-1 என்று ஜெயிக்க வைத்தார். காலிறுதியில் கரிஞ்சா இரண்டு, அரையிறுதியில் இரண்டு. கடைசியில் கோப்பை பிரேசிலுக்கே போனது.

முக்கிய ஆள் இல்லாத அணி வேறு மாதிரி ஆடும், நீங்கள் பார்த்துவைத்த வீடியோ எல்லாம் பாதி பயனற்றுப்போகும். அவன் இல்லாமல் அவர்கள் ஆடிய ஆட்டம் ஏதாவது ஒன்று கிடைக்குமா என்று பாருங்கள். அவனுக்குப் பந்து போட்டுக்கொண்டிருந்தவன் அப்படியே இருக்கிறானா என்பதுதான் என் முதல் கேள்வி.

தேவிபட்டினத்தில் இருந்து: அவர்கள் பயிற்சி எடுப்பதை ஒளிந்து பார்ப்பது தப்பா?

2019 ஜனவரியில் இங்கிலாந்தில் டெர்பி கவுண்டி அணியின் பயிற்சி மைதானத்துக்கு வெளியே லீட்ஸ் அணியின் ஆள் பிடிபட்டார். பயிற்சியாளர் பியல்சா தானே அனுப்பியதாக ஒப்புக்கொண்டார். லீட்ஸுக்கு 2 லட்சம் பவுண்டு அபராதம். நம்மூரில் பயிற்சி நடப்பது திறந்தவெளி. ஒளிவானேன், சுண்டல் வாங்கிக்கொண்டு திட்டில் உட்கார்ந்து பாருங்கள். யாராவது கேட்டால் காற்று வாங்க வந்தேன் என்று சொல்லுங்கள்.

ராமேசுவரத்தில் இருந்து: ஆட்டம் டைபிரேக்கருக்குப் போகும் போலத் தெரிகிறது. எதிரணியில் யார் எந்தப் பக்கம் அடிப்பார்கள் என்று கீப்பருக்கு எழுதிக் கொடுக்கலாமா?

தாராளமாக. 2006 உலகக் கோப்பைக் காலிறுதியில் ஜெர்மனி கீப்பர் லேமன் காலுறைக்குள் ஒரு சீட்டை வைத்திருந்தார். அர்ஜென்டினாக்காரர்கள் ஒவ்வொருவரும் வரும்போது அதை எடுத்துப் பார்த்தார். கடைசியாக வந்த காம்பியாசோவின் பெயர் அதில் இல்லவே இல்லை. ஆனாலும் நிதானமாகப் படிப்பதுபோல் பார்த்துவிட்டு, பாய்ந்து தடுத்தார். ஜெர்மனி 4-2.

உங்கள் சீட்டில் ஐந்து பெயர் போதும். சாதாரண ஆட்டத்தில் பெனால்டி அடித்த திசையோடு, ஓடிவரும்போது நின்று கீப்பரைப் பார்க்கிறானா, பார்க்காமல் அடிக்கிறானா என்பதையும் எழுதுங்கள். பார்க்காமல் அடிப்பவனுக்குத்தான் சீட்டு உதவும்; பார்த்து அடிப்பவனிடம் கீப்பர் கடைசி நொடி வரை அசையாமல் நிற்க வேண்டும். பந்தை உதைக்கும் வரை ஒரு காலின் ஒரு பகுதியாவது கோட்டின் மேல் இருக்கட்டும். முன்னால் வந்து தடுத்தால் மறுபடி அடிக்கச் சொல்லிவிடுவார்கள், அப்போது அவன் பக்கத்தை மாற்றி அடிப்பான்.