கிழவர் மாறினார், பொந்து மாறவில்லை

கேள்வி: ‘ஃப்ராகிள் ராக்’ என்ற பழைய பொம்மைத் தொடரை யூடியூபில் பார்த்தேன். ஒரு பதிவில் பட்டறையில் வேலை செய்யும் கிழவர் வருகிறார். இன்னொன்றில் அவரைக் காணோம், கலங்கரை விளக்கத்தில் ஒரு கேப்டன் இருக்கிறார். வெளிநாட்டில் காட்டுவதற்காக ஆளையே மாற்றுவது மூலத்தைச் சிதைப்பதுதானே? குரலை மட்டும் மாற்றினால் போதாதா?
– வாசகர், மதுரை

பதில்: சிதைப்பு என்ற சொல்லை இந்தத் தொடருக்குப் பொருத்தவே முடியாது. முடித்துவிட்ட படத்தை யாரோ பிறகு வெட்டி ஒட்டினால்தான் அது சிதைப்பு. இங்கே நடந்தது வேறு. பிற நாட்டார் தங்கள் ஆளை வைத்துக்கொள்ளட்டும் என்று, தொடரை உருவாக்கிய அமெரிக்கப் பொம்மலாட்டக்காரர் ஜிம் ஹென்சனின் குழு முதலிலிருந்தே இடம் விட்டுத்தான் கதையைக் கட்டியது. 1983-ல் தொடங்கி 1987 வரை 96 பகுதிகள். பொம்மைகள் வாழும் குகைக் காட்சிகளை எல்லாருக்கும் பொதுவாக டொராண்டோவில் எடுத்தார்கள். மனிதரும் நாயும் வரும் காட்சிகள் தனி. அவற்றைக் கழற்றிவிட்டு வேறு காட்சிகளை மாட்டலாம். மூலத்தில் அந்த மனிதர் டாக், நடித்தவர் ஜெரார்ட் பார்க்ஸ். பிரிட்டனில் ஃபுல்டன் மெக்கே கேப்டன் ஆனார். பிரான்சில் மிஷெல் ரோபன் ஒரு பேக்கரியில் குடியிருந்தார். ஜெர்மனியும் தன் நடிகரையே வைத்துக்கொண்டது.

குரல் மாற்றினால் போதாதா என்கிறீர்கள். பொம்மைக்குப் போதும். அதன் வாய் திறந்து மூடும், அவ்வளவுதான். எந்த மொழியும் அதில் உட்கார்ந்துவிடும். மனித முகம் அப்படியில்லை. உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் போனால் நாலு வயதுக் குழந்தைக்கும் தெரிந்துவிடும். சரி, இது தொழில்நுட்பக் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பிரிட்டிஷ் குழந்தைக்கு டாக் பேசும் ஆங்கிலம் புரியாதா? நன்றாகவே புரியும். குரல் மாற்ற அவசியமே இல்லாத நாட்டிலும் ஆளை மாற்றினார்களே, ஏன்?

அந்தப் பொந்தைக் கவனியுங்கள். டாக்கின் பட்டறைச் சுவரில், தரையை ஒட்டி, ஒரு ஓட்டை. உள்ளே ஃப்ராகிள்கள் என்ற அந்தக் குகைப் பொம்மைகளின் உலகம். கோபோ என்ற ஃப்ராகிளின் மாமா மேட் வெளியுலகைச் சுற்றப் போயிருக்கிறார், அங்கிருந்து போஸ்ட் கார்டு போடுகிறார். யாருக்கோ வந்த கார்டு என்று டாக் அதைக் குப்பைக் கூடையில் எறிகிறார். கோபோ பொந்திலிருந்து எட்டிப் பார்த்து, நாய் ஸ்ப்ராக்கெட்டின் கண்ணுக்குத் தப்பி ஓடிவந்து, கூடையிலிருந்து அதை எடுத்துக்கொண்டு மறைகிறான். நாய் குரைத்துக் குரைத்துச் சொன்னாலும் டாக் நம்புவதில்லை. இதைப் பார்க்கிற குழந்தை டிவியை விட்டு எழுந்ததும் தன் வீட்டுச் சுவரைத்தான் தேட வேண்டும். பொந்து கடல் தாண்டி எங்கோ ஒரு பட்டறையில் இருக்கிறது என்று தோன்றினால் தேடுமா? அதனால்தான் பிரிட்டனில் ஃப்ராகிள் ராக் என்பதையே கலங்கரை விளக்கம் நிற்கும் பாறையின் பெயராக்கினார்கள். வெளிப்புறக் காட்சிக்குக் கார்ன்வாலில் உள்ள செயின்ட் ஆண்டனி கலங்கரை விளக்கத்தைக் காட்டினார்கள். கடல் சூழ்ந்த நாட்டுக் குழந்தைக்கு அது பக்கத்து ஊர்.

இதற்கு நேர்மாறாக நடந்ததும் உண்டு. ஹென்சனின் பொம்மைகள் வரும் ‘செசமி ஸ்ட்ரீட்’ என்ற அமெரிக்கக் குழந்தைத் தொடர் 1973-ல் ஜெர்மனிக்குப் போனபோது அமெரிக்கத் தெருவே குரல் மாற்றத்தோடு போனது. இது நம் குழந்தைகள் வாழ்கிற சூழல் இல்லை என்று அங்குள்ள பவேரிய மாநிலத்தின் ஒளிபரப்பு நிறுவனம் காட்டவே மறுத்தது. பிறகு 1970-களின் இறுதியில் சாம்சன் என்ற கரடியோடு ஜெர்மானியர்கள் தங்களுக்கென்று ஒரு வீட்டுப் பகுதியை எடுத்துச் சேர்த்தார்கள். ஹென்சனின் பொம்மைகள் அதிலும் இருந்தன. அந்த அனுபவத்தை அறிந்தவர் அடுத்த தொடரில் முதலிலேயே இடம் விட்டதில் என்ன தவறு?

நீங்கள் கோபப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு. குகைக்குள் யாராவது கை வைத்திருந்தால் நானும் உங்களோடு சேர்ந்து சண்டைக்கு வருவேன். அங்கேதான் தொடரின் உயிர் இருக்கிறது. டூசர்கள் என்ற குட்டி உயிர்கள் முள்ளங்கியை அரைத்துக் கம்பிகளாக்கி ஓயாமல் கட்டடம் கட்டும். ஃப்ராகிள்கள் அதைப் பிய்த்துத் தின்னும். பார்க்கக் கொடுமையாக இருக்கும். ஒரு பகுதியில் மோக்கி என்ற ஃப்ராகிள் இரக்கப்பட்டு, இனி யாரும் தின்னக்கூடாது என்கிறாள். குகை கட்டடங்களால் நிரம்பிவிடுகிறது. கட்ட இடமில்லாமல் டூசர்கள் ஊரையே காலி செய்யக் கிளம்புகின்றன. உழைப்பைத் தின்கிறார்கள் என்று நாம் நினைத்ததுதான் அந்த உழைப்புக்கு இடம் கொடுத்துக்கொண்டிருந்தது! ஒருவரை ஒருவர் அறியாமலே சார்ந்திருக்கிறோம் என்ற இந்த எண்ணத்தை உலகக் குழந்தைகளிடம் கொண்டுபோகத்தான் ஹென்சன் தொடரையே தொடங்கினார். பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி மூன்றுக்கும் போனது அந்த ஒரே குகைதான்.

மெக்கே 1987-ல் காலமானார். அவருக்குப் பின் ஜான் கார்டன் சின்க்ளேரும் அடுத்து சைமன் ஓ’பிரையனும் அதே கலங்கரை விளக்கத்துக்குக் குடிவந்தார்கள், அதே ஸ்ப்ராக்கெட்டோடு. அந்தப் பதிவுகளும் கிடைத்தால் பாருங்கள். பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.