கழித்தால் மிஞ்சும் பெயர்

அன்புள்ள ஐயா,

எனக்குத் தெரிந்த ஒருவர் டெல்டாவில் ஒரு நெல் கொள்முதல் நிலையத்தில் வேலை பார்க்கிறார். வியாபாரிகள் கொண்டுவரும் நெல் விவசாயிகள் பெயரில் பட்டியலாவதைத் தினமும் பார்க்கிறார். பதிவேட்டைப் போனில் படமெடுத்து மேலே அனுப்ப நினைக்கிறார். எல்லார் போனையும் அரசு ஒட்டுக்கேட்கிறது என்கிறார்களே, மாட்டிக்கொள்வாரா? யாரை நம்பி அனுப்புவது?

ஒரு வாசகர், கீழத்தஞ்சை

அன்புள்ள நண்பருக்கு,

ஊர், பருவம், உறவுமுறை மூன்றையும் உங்கள் கடிதத்திலிருந்து எடுத்துவிட்டேன். அவருக்கு ஆபத்து அங்கிருந்துதான் வரும்.

ஒட்டுக்கேட்பு உண்மைதான். அதற்குப் பொதுவாக உள்துறைச் செயலரின் எழுத்துபூர்வ உத்தரவு வேண்டும். ஓர் உத்தரவு 60 நாள் செல்லும், நீட்டித்தாலும் 180 நாளைத் தாண்டக் கூடாது. ஆனால் உத்தரவிடுவதும் அதிகாரிகள், அதை மறுபடி பார்ப்பதும் அதிகாரிகள். நடுவில் நீதிபதி கிடையாது. அதைவிட எளிதாகப் போலீஸ் கைக்கு வருவது அழைப்பு விவரப் பதிவு. யார் யாருக்குப் பேசினார், எப்போது, எத்தனை நொடி, எந்த டவரின் கீழ் என்பதெல்லாம் அதில் இருக்கும். 2013இல் அமெரிக்க உளவுத்துறை ரகசியங்களை அம்பலப்படுத்திய ஸ்னோடன் மூலம் முதலில் வெளிவந்ததும் இதே வகைப் பட்டியல்தான், கோடிக்கணக்கான அமெரிக்கர்களுடையது.

ஆனால் உங்கள் நண்பரைப் பிடிக்க இத்தனையும் வேண்டாம். அந்தப் பதிவேட்டைத் தொடுபவர்கள் நாலு பேர் இருப்பார்கள். படத்தில் எந்தப் பக்கம், எந்தத் தேதி என்று தெரிந்துவிட்டால், அன்று லீவில் இருந்தவரைக் கழித்து, லோடு ஏற்றப் போனவரைக் கழித்து, மிஞ்சுகிறவரைக் கூப்பிடுவார்கள். 2017இல் அமெரிக்காவில் ரகசிய அரசு ஆவணம் ஒன்றைப் பத்திரிகைக்கு அனுப்பிய ரியாலிட்டி வின்னர் என்ற பெண் சிக்கியது இந்தக் கழித்தலில்தான். அந்த ஆவணத்தை அச்செடுத்தவர்கள் ஆறே பேர். அவர்களில் பத்திரிகைக்கு அலுவலகக் கணினியிலிருந்து மின்னஞ்சல் போட்டிருந்தவர் அவர் ஒருவர்.

படத்துக்குள்ளேயே நேரமும் போன் மாடலும் பதிந்திருக்கும். லொகேஷன் ஆன் ஆகியிருந்தால் இடமும். வாட்ஸாப்பில் டாக்குமென்டாக அனுப்பினால் அத்தனையும் கூடவே போகும்.

யாரை நம்புவது என்று கேட்டீர்கள். நெடுஞ்சாலைப் பொறியாளர் சத்யேந்திர துபே சாலைப் பணியில் நடந்த ஊழலைப் பற்றி, தன் பெயரை ரகசியமாக வைக்கும்படி கேட்டு, பிரதமர் அலுவலகத்துக்கே எழுதினார். கடிதம் அவர் பெயரோடு அலுவலகம் அலுவலகமாகச் சுற்றியது. 2003 நவம்பரில் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறிக்காரர்கள் செய்தது என்று வழக்கு முடிந்தது. ஆனால் பெயர் கசிந்தது கசிந்ததுதான். பெயரைக் காக்கத் தெரியாத அரசிடம் அடுத்தவர் எப்படி வாய் திறப்பார்? அதன்பின் 2004இல் ஓர் ஏற்பாடு வந்தது: மூடி ஒட்டிய உறையில் மத்திய கண்காணிப்பு ஆணையத்துக்கு எழுதலாம், பெயர் உறைக்குள் மட்டும் இருக்கும். அது மத்திய அரசு, மத்திய நிறுவன ஊழியர்கள் மீதான புகாருக்குத்தான். மாநில ஊழியர்கள் விஷயத்தில் உதவாது. ஊழலை வெளியே சொல்பவர்களைக் காக்க 2014இல் நிறைவேறிய சட்டமோ நடைமுறைக்கே வரவில்லை.

அதனால் பதிவேட்டை விட்டுவிட்டு வெளியிலிருந்து கணக்குப் போடுங்கள். வேறு வட்டத்து விவசாயிகள் சங்கம் ஒன்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடட்டும். 10 ரூபாய்தான், 30 நாளில் பதில் தர வேண்டும், ஏன் கேட்கிறீர்கள் என்று கேட்கக் கூடாது. ஒரு நிலையத்தை மட்டும் கேட்டால் சுட்டிக்காட்டியது போலாகும். பத்துப் பதினைந்து நிலையங்களுக்குச் சேர்த்துக் கேளுங்கள். பட்டியல் எண், சர்வே எண், மூட்டை எண்ணிக்கை போதும். வங்கிக் கணக்கு, ஆதார் என்று போனால் அந்தரங்கத் தகவல் என்று மொத்தமாக மறுத்துவிடுவார்கள். நிலத்தின் பரப்பை அரசின் இ-சேவை இணையதளத்தில், அ-பதிவேடு என்ற நிலப் பதிவேட்டில் யாரும் பார்க்கலாம். ஏக்கருக்கு 40 கிலோ மூட்டை 60 கண்டாலே நல்ல விளைச்சல். ஒரு ஏக்கர் சர்வே எண்ணில் 150 மூட்டை ஏறியிருந்தால் மிச்சம் யார் வயல் நெல்? இந்தக் கணக்கை டெல்டாவில் எவரும் போடலாம், ஆகவே யாரையும் கழித்துப் பிடிக்க முடியாது. அதோடு ஊழல் தடுப்புப் பிரிவுக்குப் போகலாம்.

எடுத்த படங்களை அவர் அழிக்க வேண்டாம். வழக்கு வந்தால் மூலக் கோப்பு தேவைப்படும். யாருக்கும் அனுப்பவும் வேண்டாம். இதைப் போனில் சொல்லாதீர்கள், நேரில் போய்ச் சொல்லுங்கள்.