மறதி வராமல் இருக்க என்ன சாப்பிடலாம், என்ன உடற்பயிற்சி செய்யலாம்?

அப்பாவுக்கு 63 வயது, பெயர்கள் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை, வால்நட் கொடுக்கவா, ஞாபக சக்தி மாத்திரை வாங்கவா என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், முதலில் நடப்பதற்கு ஒரு நல்ல ஷூ வாங்கிக் கொடுங்கள்.

மூளையில் புது நினைவுகளைப் பதிய வைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி வயதாக ஆகச் சுருங்கும். 2011-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், அதிகம் நடமாடாத 120 முதியவர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு வாரம் மூன்று நாள், மெல்ல மெல்லக் கூட்டி 40 நிமிடம் வரை நடந்தது. இன்னொரு குழுவுக்கு உடலை நீட்டி வளைக்கும் பயிற்சிகள். ஒரு வருடம் கழித்து ஸ்கேன் எடுத்தபோது, நடந்தவர்களுக்கு அந்தப் பகுதி சுமார் 2 சதவீதம் பெரிதாகியிருந்தது. மற்றவர்களுக்குச் சுருங்கியிருந்தது. சின்ன ஆய்வுதான், பின்னால் வந்த எல்லா ஆய்வுகளும் இவ்வளவு பலனைக் காட்டவில்லை. ஆனால் நடை ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கூடவே குறைக்கிறது. அவை இரண்டும் மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்களைக் கெடுப்பவை. அதனால்தான் நடையை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

போனில் பேசிக்கொண்டே உலாத்துவது கணக்கில் வராது. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம் வேண்டும். வாரத்துக்கு 150 நிமிடமாவது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூட்டு வலி இருந்தால் சைக்கிளோ நீச்சலோ.

சரி, சாப்பாடு. கீரை, பருப்பு, பழம், மீன், கொட்டை வகைகள் தாராளமாக. உப்பு, இனிப்பு, பொரித்தது குறைவாக. அவ்வளவுதான். மூளைக்கென்றே வகுத்த 'மைண்ட்' உணவுமுறையை 604 பேரிடம் மூன்று வருடம் சோதித்து 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். கலோரியை மட்டும் கொஞ்சம் குறைத்தவர்களைவிட இவர்கள் பெரிதாக முந்தவில்லை. ஞாபக சக்திக்கென்று விற்கும், கிங்கோ என்ற மரத்தின் இலைச் சாற்று மாத்திரையை மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முதியவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்விலும் மறதிநோய் தடுக்கப்படவில்லை. மாத்திரைக்குச் செலவு செய்யாதீர்கள்.

ஆனால் வைட்டமின் பி12 விஷயம் வேறு. என் அம்மா கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பார். குக்கரை வைத்துவிட்டு, உள்ளே அரிசி போட்டோமா என்று சந்தேகப்பட்டு மூடியைத் திறக்கப் போவார். வயதுதான் காரணம் என்று வீட்டில் எல்லோரும் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தோம். ரத்தப் பரிசோதனையில் பி12 மிகக் குறைவு என்று தெரிந்தது. ஊசி போட ஆரம்பித்தபின் சில மாதங்களில் நன்றாகத் தெளிந்துவிட்டார். எல்லோருக்கும் இப்படித் தேறும் என்று சொல்ல முடியாது, ஆனால் சரிசெய்யக்கூடிய காரணத்தை விட்டுவிடக் கூடாது இல்லையா?

அதனால் பி12, தைராய்டு, சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்துவிடுங்கள். அப்புறம், காது கேட்கிறதா என்றும். கேட்கும் திறன் குறைவதும் மறதிநோய்க்கான அபாயத்தைக் கூட்டும். அப்பா சைவமாக இருந்தாலோ, சர்க்கரைக்கு நீண்ட நாளாக மெட்ஃபார்மின் சாப்பிட்டாலோ பி12 குறைய வாய்ப்பு அதிகம், டாக்டரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். பழகிய வழியே குழம்புகிறது, பணக் கணக்குத் தவறுகிறது என்றால் நடை, உணவு என்று காத்திருக்காமல் நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.